ஈர நிலமும் வீட்டோர மரமும்

ஏழாம் அத்தியாயம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், நான்கு நாள் விடாது பெய்த மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, வீட்டுப் பெண்மக்கள் ஈரத்துணிகளைக் கொடியில் விரிக்கத் தொடங்குகின்ற காலைப் பொழுதில், தெருக்கோடியில் இருந்த பெருமரம் வேரோடு சாய்ந்துவிட்டது என்னும் செய்தி வந்து சேர்வதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அதைப் பார்க்கக் கூடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: “அவ்வளவு பெரிய புயலுக்கு அசையாத மரம், இந்தக் காற்றுக்கா விழுந்தது?” ஆச்சரியம் நியாயமானதே, ஆனால் கேள்வி தவறான திசையில் செல்கிறது. மரத்தை வீழ்த்திய சக்தியை அவர்கள் ஆகாயத்தில் தேடுகிறார்கள்; மரத்தைத் தாங்கி நின்ற சக்தி பூமியில் குறைந்துபோனதை அவர்கள் நோக்குவதில்லை. மரம் தன் பலத்தால் மட்டும் நிற்பதில்லை, மண்ணின் பலத்தாலும் நிற்கிறது என்ற ஒரே உண்மையை வீட்டுக்காரர் மனத்தில் ஊன்றிக்கொள்வாரானால், இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் யாவும் அதிலிருந்து தாமே கிளைத்து வரும்.

வேர்களைப் பற்றிய ஒரு தப்பெண்ணம்

மரம் வெளியே எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆழத்துக்கு அதன் ஆணிவேர் பூமிக்குள் இறங்கியிருக்கும் என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. விதையிலிருந்து முளைத்த கன்றுக்கு ஆணிவேர் இருப்பது மெய். ஆயினும் மரம் வளர வளர, பாரம் தாங்கும் வேலையைப் பெரும்பாலும் பக்கவேர்களே ஏற்றுக்கொள்கின்றன. வளர்ந்த மரத்தின் வேர்களில் மிகப் பெரும் பகுதி மேல்மண்ணின் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அமைந்து, கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் கடந்து நெடுந்தூரம் படர்ந்திருக்கும். கீழே பாறையோ, இறுகிய களியோ, உயர்ந்த நிலத்தடி நீர்மட்டமோ இருக்குமானால் ஆணிவேர் அங்கே தடைப்பட்டு நின்றுவிடும். அப்போது மரத்தின் அடித்தளம் தாம்பாளத்தைப் போல் அகன்றும் ஆழமற்றும் அமைந்துவிடுகிறது.

கல்யாணப் பந்தலின் கால்களை நான்கு புறமும் கயிறு கட்டி முளையடித்து நிறுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். காற்று வடக்கிலிருந்து வீசும்போது, பந்தலைக் காப்பாற்றுவது தென்புறத்துக் கயிறன்று; வடபுறத்தில் விறைத்து நிற்கும் கயிறே. மரத்துக்கும் இதுவே நியதி. காற்று வரும் திசையிலுள்ள வேர்கள் இழுபட்டு மரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எதிர்த்திசையில் உள்ளவை ஊன்றுகோலைப் போல் முட்டுக்கொடுக்கின்றன. வேர்களுக்கிடையே சிக்கியுள்ள மண்ணின் கனமோ நங்கூரமாகிறது. கயிறு எவ்வளவு முறுக்கேறியதாயினும், முளையடித்த மண் சேறாகிவிட்டால் அக்கயிற்றால் என்ன பயன்?

ஜலம் மண்ணுக்குச் செய்வது

ஈரம் மரத்துக்கு இழைக்கும் தீங்கு இருவகைப்படும்: ஒன்று சில மணி நேரத்தில் நிகழ்வது, மற்றொன்று சில மாதங்களில் நிகழ்வது.

முதலாவதைப் பார்ப்போம். மண்துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி உராய்ந்து நிற்பதனாலும், களித்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதனாலும் நிலத்துக்கு உறுதி உண்டாகிறது. தொடர்ந்த மழையில் துகள்களுக்கிடையே உள்ள துவாரங்களெல்லாம் நீரால் நிறைந்து, அந்நீரே பாரத்தின் ஒரு பங்கைத் தாங்கத் தொடங்கும்போது, துகள்களின் நெருக்கம் தளர்ந்து உராய்வும் குறைகிறது. வேரின் மேற்பரப்புக்கும் மண்ணுக்கும் இருந்த பிடிப்பும் வழுவழுப்பாகிறது. அதே வேளையில் நனைந்த இலைத்தொகுதி தலைப்பாரத்தைக் கூட்டுகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. உலர்ந்த நிலத்தில் அந்த அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் மரம், நிலம் குழைந்தபின் அதில் ஒரு பகுதியையும் பொறுக்கமாட்டாமல் சாய்கிறது. காற்றில் மரம் முன்னும் பின்னும் ஆடும்போதெல்லாம் அடிமண் பிசையப்பட்டு, வேரைச் சுற்றி இடைவெளி விழுந்து, அதில் மேலும் ஜலம் இறங்குகிறது. புயலன்று இளகிய மரம் மூன்றாம் நாள் இளங்காற்றில் விழுவதன் ரகசியம் இதுவே.

இரண்டாவது தீங்கு மெதுவானது. ஆகவே அதிக அபாயகரமானது. வேரும் சுவாசிக்கும் உறுப்பு. மண்ணின் துவாரங்களில் உள்ள காற்றிலிருந்து அது பிராணவாயுவைப் பெறுகிறது. காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் பிராணவாயு சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது; ஆகையால் நாட்கணக்கில் நீர் தேங்கிய மண்ணில் முதலில் சல்லிவேர்கள் மூச்சுத் திணறி மடிகின்றன; பின்னர் அழுகல் காளான்கள் அந்த வழியாகப் புகுந்து பருத்த வேர்களையும் அரிக்கின்றன. தென்னையின் அடித்தண்டை அழுகச் செய்யும் நோய்க்கு, 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதனால், ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கானோடெர்மா என்னும் காளானே அதற்குக் காரணம். வேர் அழுகும் மரங்கள் பலவற்றில் தலை பசுமையாகவே தோன்றினாலும் அடி உளுத்திருக்கும். மேலே பார்ப்பவர் அதை ஆரோக்கியமான விருட்சம் என்று எண்ணிக்கொண்டிருக்க, கீழே அதன் கால்கள் கரைந்துகொண்டிருக்கும்.

உங்கள் மனையின் மண் எது?

சென்னையில் ஓராண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஒரே மழையாயினும் எல்லா மண்ணும் அதை ஒரேவிதமாக ஏற்றுக்கொள்வதில்லை.

திருவான்மியூர், நாகப்பட்டினம் முதலிய கடலோரங்களின் மணல், நீரை விரைவில் வடித்துவிடும். ஆயினும் துகள்களுக்கிடையே பசை இல்லாமையால் வேரைப் பற்றும் ஆற்றல் அதற்குக் குறைவு. நிலத்தடி நீர்மட்டம் மேலெழும் காலத்தில் இன்னும் குறைவு. காவிரிப் படுகையின் களிமண், உலர்ந்தபோது இரும்பாகவும் நனைந்தபோது சேறாகவும் மாறும் சுபாவம் உடையது. நீரை எளிதில் விடாது. வேர் மூச்சுத் திணறுவது இதில் அதிகம். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல், கோடையில் கையளவு வெடித்துச் சல்லிவேர்களை அறுத்துவிட்டு, மழையில் வீங்கி இளகும். அம்மண்ணில் கட்டிய வீட்டின் அருகே பெருமரம் நீரை உறிஞ்சுவதனால் அஸ்திவாரம் ஒருபுறம் தாழ்ந்து சுவர் விரிவதும், அம்மரத்தைத் திடீரென்று வெட்டிவிட்டால் நிலம் மீண்டும் வீங்கித் தரையைத் தூக்குவதும் உண்டு. சரளை கலந்த செம்மண் நீரையும் வடித்து, வேரையும் ஆழ இறங்கவிடுவதனால், இவற்றுள் மரத்துக்கு மிகவும் அனுகூலமானது எனலாம்.

இவை யாவற்றிலும் ஜாக்கிரதையாக நோக்க வேண்டியது கொட்டி நிரப்பிய மண். சென்னையின் தியாகராய நகர், 1920களில் மாம்பலம் ஏரியை வற்றச் செய்து அமைத்த குடியிருப்பு. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரங்களும் அவ்வாறே மனைகளாயின. வயலும் குளமும் வீட்டுமனைகளாகும் வழக்கம் இன்று தமிழகமெங்கும் உண்டு. மேலே இரண்டடி கிராவலும், ‘ரப்பீஸ்’ என்று மேஸ்திரிகள் சொல்லும் கட்டட இடிபாடும், அதன் கீழே பழைய ஏரியின் களியும் இருக்கும் மனையில், கன்றின் வேர் மேலடுக்கிலேயே படர்ந்து களியின் முகத்தில் திரும்பிவிடுகிறது. மழைநீரோ அந்த இரண்டு அடுக்குகளின் சந்தியிலேயே தேங்குகிறது. அத்தகைய மரம், எண்ணெய் தடவிய பலகைமேல் வைத்த குத்துவிளக்கைப் போன்றது.

உங்கள் மண்ணை அறிய ஓர் எளிய பரிசோதனை உண்டு. ஒருபிடி மண்ணை நீர் விட்டுப் பிசைந்து விரல்களுக்கிடையே நாடாவாக அழுத்துங்கள். நீளமாக அறுபடாமல் வருமாயின் அது களி. உடனே உதிருமாயின் மணல். சிறிது வந்து அறுந்தால் இரண்டும் கலந்தது. பின்னர், மரத்தின் நிழலெல்லைக்கு வெளியே ஓரடி ஆழக் குழி தோண்டி, அதில் ஒருமுறை நீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் அதில் நீர் நிற்குமானால், உங்கள் மனையின் வடிகாலைச் சீர்செய்யாமல் மரத்தின் க்ஷேமத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

மரங்களின் சுபாவம்

காவிரிக் கரையில் நீர்மருது ஓங்கி நிற்பதும், கடலோரத்தில் புன்னையும் பூவரசும் செழிப்பதும் தற்செயலானவை அல்ல. ஈர நிலத்தில் வாழும் சக்தி அவற்றுக்கு இயற்கை அளித்த வரம். நாவலும் புங்கும் நீர் தேங்குவதை ஓரளவு சகிப்பவை. வேம்போ வறட்சிக்கு அஞ்சாதது, தேங்கிய நீருக்கு அஞ்சுவது. நிழலுக்காக நம் தெருக்களில் மிகுதியாக நடப்பட்ட குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகியவை விரைந்து வளர்ந்து விரிந்த தலையைப் பெறுபவை. சிறிய இடத்தில், குறுகிய வேருடன் நின்றால் அவற்றின் தலையே அவற்றுக்குச் சத்துருவாகும். முருங்கை, கல்யாணமுருங்கை போன்றவற்றையும், சில வேளை ஆல், பூவரசு ஆகியவற்றையும் விதையிட்டு வளர்க்காமல் போத்து நட்டு வளர்ப்பது நம் வழக்கம். போத்திலிருந்து எழுந்த மரத்துக்கு உண்மையான ஆணிவேர் கிடையாது என்பதை நினைவில் வைத்து, அவற்றை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளியே நடவேண்டும்.

மரத்துக்கு மரம் சுபாவம் மாறுபடுவதற்கு ஓர் உதாரணம்: 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களின் தென்னந்தோப்புகளைத் தரைமட்டமாக்கியபோது, அத்தோப்புகளின் வேலியோரப் பனைகள் பெரும்பாலும் நின்றன என்பதை அவ்வூரார் இன்றும் எடுத்துச் சொல்வார்கள்.

ஆயினும் ஈரத்தின்மீது மட்டுமே பழி சுமத்துவது நியாயமாகாது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழையோ மிகவும் பொய்த்திருந்தது. நிலம் ஊறியிராத ஆண்டிலேயே அவ்வளவு சேதம் விளைந்ததென்றால், கடுங்காற்றோடு கூட, வெட்டுண்டும் சிமென்டுத் தளத்துக்குள் சிறைப்பட்டும் கிடந்த வேர்களின் நிலையையும் நாம் சிந்திக்க வேண்டும். மனிதன் பலவீனமாக்கிய வேரின்மேல்தான் மழை தன் வேலையை எளிதாக முடித்துக்கொள்கிறது.

வீட்டுக்காரர் அறியாமல் செய்யும் பிழைகள்

என் இளமையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கொல்லையில் ஒரு வேம்பு இருந்தது. அதன் வடபுறத்தில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பக் கடைகால் தோண்டியபோது, தொடை பருமனுள்ள இரண்டு வேர்கள் குறுக்கிட்டன. “ரெண்டு வேர்தானே ஐயா, மரத்துக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிக் கொத்தனார் கோடரியை எடுத்தார். என் தந்தையாரும் தலையசைத்தார். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷம் முன்னைவிடச் செழிப்பாகவே பூத்தது. மூன்றாம் வருஷக் கார்த்திகையில், ஐந்து நாள் மழைக்குப் பின் வாடைக்காற்று எழுந்த இரவில், அது தெற்கே சமையலறையின்மேல் சாய்ந்தது. அந்நேரம் அங்கு ஒருவரும் இல்லாதது தெய்வாதீனம். காலையில் புரண்டு கிடந்த வேர்த்தட்டைப் பார்த்தோம்: வடபுறத்தில் வெட்டிய இரு வேர்களும் வெட்டுவாயிலிருந்து அடிமரம் வரை கறுத்து மெத்தென்று அழுகியிருந்தன. வாடை வரும் திசையின் கயிற்றை நாங்களே அறுத்துவைத்திருந்தோம். அன்று முதல் ஒரு மரத்தை முதன்முறை பார்க்கும்போது என் கண் கிளைகளுக்குச் செல்வதில்லை, அடிமண்ணுக்கே செல்கிறது.

இத்தகைய பிழைகளுள் முக்கியமானவை சில. கடைகாலுக்கும் குழாய்க்கும் அடியருகே பள்ளம் தோண்டுவது முதலாவது. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கி வரும் தூரத்துக்குள் பள்ளம் எடுக்காமலிருப்பது உத்தமம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது 3.6 மீட்டர் ஆகும். மனை சிறிதாயின், அத்தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள்ளாவது கடப்பாரையே படக்கூடாது. 2003இல் தமிழகத்தில் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது மகத்தான ஏற்பாடு. ஆனால் அந்த உறிஞ்சு குழியைக் காலியிடம் அதுவே என்று மரத்தடியில் தோண்டுவது, வேரையும் அறுத்து, மாடி முழுவதன் நீரையும் அறுந்த வேரின்மேல் இறக்குவதாகும். சமையலறைக் கழிவுநீரையும் குளியல்நீரையும் ஆண்டு முழுவதும் அடிமரத்தில் விடுவதும் அவ்வாறே தீது. மனையை உயர்த்துவதற்காக அடிமரத்தை இரண்டடி மண்ணால் மூடுவது பட்டையை அழுகச் செய்யும். அடிமரம் வரை சிமென்டுத் தளம் போடுவது, கோடையில் நீரையும் எக்காலத்தும் காற்றையும் வேருக்கு மறுப்பதாகும்.

ஆடி மாதப் பரிசோதனை

மழைக்கு முன்பே, ஆடி அல்லது ஆவணியில், ஒரு காலைப் பொழுதை உங்கள் மரத்துக்காக ஒதுக்குங்கள். மரத்தைச் சுற்றி நடந்து பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

சாய்வு: சிறுவயது முதலே சாய்ந்து வளர்ந்து, பின் நுனி வளைந்து நிமிர்ந்த மரத்தைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்ந்திருந்தால் அது எச்சரிக்கை. ஒவ்வோராண்டும் ஒரே இடத்திலிருந்து புகைப்படம் எடுத்து ஒப்பிடுவது நல்ல உபாயம்.

அடிமண்: ஒருபுறம் மண் பிறைவடிவில் வெடித்திருப்பதும், மேடிட்டிருப்பதும், எதிர்ப்புறம் அழுந்தியிருப்பதும், அடிமரத்தைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி தோன்றியிருப்பதும் வேர்த்தட்டு இளகியதன் அடையாளங்கள்.

காளான்: அடிமரத்திலோ வேரின்மேலோ அடைபோன்ற கெட்டிக்காளான் முளைத்திருந்தால், உள்ளே அழுகல் நெடுநாளாக நடக்கிறது என்று கொள்க. மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொந்தின் ஓசை எழுகிறதா என்றும் கவனிக்கலாம்.

தலை: நுனிக்கிளைகள் பட்டுப்போவதும், பருவமல்லாத காலத்தில் இலை சிறுத்து மஞ்சளாவதும் வேரின் நோயைத் தலை அறிவிக்கும் விதம்.

இவற்றுள் முதல் மூன்றில் ஏதேனும் காணப்பட்டு, மரம் விழக்கூடிய தூரத்தில் வீடோ, பாதையோ, மின்கம்பியோ இருக்குமாயின், மரமறிந்தவரை அழைத்துவந்து காட்டுவதைத் தள்ளிப்போடலாகாது. தெருமரமாயின் உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை.

செய்யத்தக்கவை

முதற்கடமை வடிகால். கூரைநீர் மரத்தடிக்கு வராதபடி குழாயைத் திருப்புங்கள். தேங்கும் நீரை, வேரை வெட்டாத ஆழமற்ற வாய்க்காலால் நிழலெல்லைக்கு அப்பால் கொண்டுசெல்லுங்கள். சிமென்டுத் தளம் இருப்பின், அடிமரத்தைச் சுற்றி இயன்ற அகலம் உடைத்தெடுத்து, சருகு மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு பட்டையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியிருக்கட்டும்.

இரண்டாவது கவாத்து. தலையை மொட்டையடிப்பது மரத்தைக் காப்பதாகாது. வெட்டுவாயில் அழுகல் புகுந்து, அங்கு முளைக்கும் புதுக்கிளைகள் பிடிப்பின்றி ஒடியும். பட்ட கிளைகளையும், ஒன்றோடொன்று உராய்பவற்றையும், ஒருபுறம் நீண்டு பாரம் சாய்ப்பவற்றையும் மட்டும் நீக்கிக் காற்று ஊடுருவ வழிசெய்தால் போதும். ஒரே முறையில் பச்சைக்கிளைகளில் கால்பங்குக்கு மேல் எடுக்கலாகாது. புரட்டாசி பிறக்குமுன் இவ்வேலை முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, புதுக்கன்று நடும்போதே செய்ய வேண்டியது. நர்சரிப் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் பைக்குள் சுருண்டிருக்கும். அதைப் பிரித்து விரிக்காமல் நட்டால், அந்தச் சுருளே பெரிதாகி, இருபதாண்டுக்குப் பின் மரம் பிடிப்பின்றி நிற்கும். களிமண்ணில் குழியின் சுவரைக் கடப்பாரையால் கொத்திவிடுங்கள். இல்லாவிடில் குழி நீர்த்தொட்டியாகிவிடும். தினந்தோறும் ஒரு குவளை நீரை அடியில் ஊற்றுவதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை அகன்ற பாத்தி கட்டி நிறைய விடுவது வேரை ஆழமும் அகலமும் செல்லப் பழக்கும்.

மழை நாட்களில்

காற்றில் அடிமண் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்குவதைக் கண்டாலோ, வேர் அறுபடும் ஓசை கேட்டாலோ, மரத்தின் கீழுள்ள அறையை உடனே காலி செய்து, வாகனத்தையும் அகற்றி, மின்வாரியத்துக்குத் தகவல் தெரிவியுங்கள். சென்னை மாநகராட்சி எல்லையில் 1913 என்னும் எண்ணிலும், மற்ற மாவட்டங்களில் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணிலும் முறையிடலாம். கயிறு கட்டி இழுக்கவோ, முட்டுக் கொடுக்கவோ அந்நேரத்தில் முயல வேண்டாம். விழுந்த மரத்தை அறுக்கும்போது, பாரம் நீங்கிய வேர்த்தட்டு திடீரென்று பழைய குழிக்கே நிமிர்ந்து திரும்புவதுண்டு. குழந்தைகள் விளையாட்டாகவும் அக்குழியில் இறங்கலாகாது. சாய்ந்தது சிறுமரமாயிருந்து, வேரில் பெரும்பகுதி அறுபடாமலும் இருந்தால், வேர் உலராமல் ஈரச்சாக்கால் மூடி, ஓரிரு நாளுக்குள் நிமிர்த்தி மண் அணைத்து முட்டுக்கொம்பு கட்டினால் பிழைத்துக்கொள்ளும். பெருமரத்தை அவ்வாறு நிமிர்த்தி வீட்டருகே வைத்துக்கொள்வது விவேகமன்று.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு எவரேனும் அச்சம் கொண்டு, வீட்டோர மரத்தை முன்கூட்டியே வெட்டிவிடுவதே மேல் என்று தீர்மானிப்பாராயின், அது இந்நூலாசிரியனுக்கு மிகுந்த வேதனையைத் தருவதாகும். கோடையில் நமக்குக் குளிர்ச்சியளித்து, மழையில் மண்ணைக் கட்டிக்காத்து நிற்கும் அந்த ஜீவனுக்கு நாம் செய்ய வேண்டிய கைம்மாறு பெரிதொன்றுமில்லை. அதன் வேரை வெட்டாதிருத்தல், நீரைத் தேங்கவிடாதிருத்தல், வருஷத்துக்கு ஒரு காலைப் பொழுது அதன் அடியில் குனிந்து பார்த்தல், அவ்வளவே. எந்த அறிவிப்புமின்றி விழுந்துவிட்டதாக நாம் சொல்லும் மரம், பெரும்பாலும் பல மாதங்களாக அடிமண்ணில் அறிவித்துக்கொண்டுதான் இருந்தது. எங்கள் வீட்டு வேம்பும் அறிவித்திருக்கும். நாங்கள் அதன் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.